முதல் ரேட்டிங் போட்டியில் பக்கவாட்டுத் திறப்பு: எங்கே தொடங்கி எப்போது அடிப்பது

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்று ஆட்டங்களில் யாரோ ஒருவர் ஜெயித்தார். பதினொன்றாவதை குகேஷ் ஜெயித்தார், பன்னிரண்டாவதை அப்போதைய சாம்பியன் டிங் லிரென், பதினான்காவதை மறுபடியும் குகேஷ். பட்டமும் அதோடு வந்தது. இந்த மூன்று ஆட்டங்களையும் எடுத்துப் பாருங்கள்: ஒன்றிலும் வெள்ளைக்காய்க்காரர் முதல் நகர்வில் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயையோ ராணி முன்னால் இருக்கும் சிப்பாயையோ தொடவில்லை. இரண்டில் குதிரை எஃப்3க்கு வந்தது, ஒன்றில் சி4 சிப்பாய்.

இ4, டி4 என்று நடுக் கட்டங்களைப் பிடித்து ஆரம்பிக்காமல், ஓரத்திலிருந்து வந்து நடுவை மிரட்டும் இந்த வகைக்குத்தான் பக்கவாட்டுத் திறப்பு என்று பெயர். ரேட்டி, இங்கிலீஷ், லார்சன் என்று பல கிளைகள் உண்டு. காய் நகர்த்தத் தெரியும், கட்டங்களின் பெயர் தெரியும், இதுவரை இ4 மட்டுமே ஆடிப் பழக்கம், இப்போது முதல் ரேட்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. பக்கவாட்டுத் திறப்பு ஆடுபவர்கள் நடுவைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று நினைப்பதுதான் புதியவர்களின் பெரிய தப்புக்கணக்கு. நடுவை அடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான். எப்போது அடிப்பது என்று தெரியாவிட்டால் இந்தத் திறப்பை ஆடாமல் இருப்பதே நல்லது.

போனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பலகையை எடுத்து விரியுங்கள். இங்கே பிஷப்பை மந்திரி என்றும் ரூக்கை யானை என்றும் எழுதுகிறேன். கட்டங்களை ஏ1 முதல் எச்8 வரை வழக்கம்போலவே சொல்கிறேன்.

முதல் படி: வரிசையைச் சரியாகப் பிடியுங்கள்

நான் சொல்லும் வரிசை இது: குதிரை எஃப்3, பிறகு ஜி3, மந்திரி ஜி2, காஸ்லிங், சி4. நான்கு நகர்வில் ராஜா பத்திரம். ஜி2இல் உட்கார்ந்த மந்திரி ஏ8 வரை போகும் நீண்ட மூலைவிட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படி மந்திரியை ஓரத்தில் வைப்பதைத்தான் ஃபியன்கெட்டோ என்கிறார்கள்.

குதிரையை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? எஃப்3 குதிரை இ5 கட்டத்தைப் பார்க்கிறது. அதனால் கறுப்பு உடனே இ5 தள்ள முடியாது, தள்ளினால் சிப்பாய் போய்விடும். சி4இல் ஆரம்பித்தால் கறுப்புக்கு இ5 திறந்தே இருக்கிறது. அதன் பிறகு நீங்கள் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவந்தால் இ4 தள்ளி அதை விரட்டலாம். சி4 ஆடியே தீருவேன், எதிரி இ5 என்கிறார் என்றால் முதலில் இன்னொரு குதிரையை சி3க்கு எடுங்கள். அது இ4 கட்டத்துக்குக் காவல் நிற்கும். காய்கள் அதே காய்கள்தான், முன்பின் மாறினால் விளைவு வேறு. எவ்வளவு வேறு என்பதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் பின்னால் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த நான்கு நகர்வுகளையும் பலகையைப் பார்க்காமல் தடதடவென்று ஆடித் தள்ளும் பழக்கம் ஆன்லைன் பிளிட்ஸில், அதாவது சில நிமிடங்களில் முடியும் அதிவேக ஆட்டத்தில், எளிதாக ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கறுப்பு டி5, சி5, இ5 என்று மூன்று சிப்பாய்களையும் அடுக்கிவிட்டால் உங்கள் காய்களுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. சிங்கப்பூரின் பதினான்காவது ஆட்டத்தில் டிங் ஆரம்பித்தது இதே குதிரை எஃப்3, ஜி3, மந்திரி ஜி2தான். கறுப்பு டி5, சி5 தள்ளி, குதிரையை சி6க்கும் எடுத்துவைத்தவுடன், காஸ்லிங் செய்வதற்கு முன்பே, நான்காவது நகர்வில் டி4 என்று நடுவில் அடித்தார். அடுத்து இ5 வந்துவிடும் என்று தெரிந்தபிறகு யார் காத்திருப்பார்கள்?

இரண்டாம் படி: ஒரு ஆட்டத்தை முழுசாக ஆடிப் பாருங்கள்

பத்து ஆட்டத்தை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நிதானமாகப் பார்ப்பது மேல். நான் சிபாரிசு செய்வது 1924 நியூயார்க் போட்டியில் ரிச்சர்ட் ரேட்டி கபபிளாங்காவை ஜெயித்த ஆட்டம். பதினொரு பேர், ஒவ்வொருவருக்கும் இருபது ஆட்டம் என்ற பெரிய போட்டி அது. லாஸ்கர் 16 புள்ளியோடு முதலிடம் பிடித்தார். உலக சாம்பியனாக இருந்த கபபிளாங்காவுக்கு 14.5 புள்ளியோடு இரண்டாமிடம். ஆனால் இன்றைக்கும் பேசப்படுவது அவருடைய இந்தத் தோல்வி. 1916க்குப் பிறகு எட்டு வருடம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காதவர் அவர்.

பலகையில் வையுங்கள். வெள்ளை ரேட்டி. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் முதலில் வருவது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு.

1. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. 2. சி4, ஜி6. 3. பி4, மந்திரி ஜி7. 4. மந்திரி பி2, காஸ்லிங். 5. ஜி3, பி6. 6. மந்திரி ஜி2, மந்திரி பி7. 7. காஸ்லிங், டி6. 8. டி3, பி8 குதிரை டி7. 9. பி1 குதிரை டி2, இ5. 10. ராணி சி2, யானை இ8. 11. எஃப்1 யானை டி1, ஏ5. 12. ஏ3, எச்6.

இங்கே நிறுத்துங்கள். பன்னிரண்டு நகர்வு முடிந்தும் வெள்ளைச் சிப்பாய் ஒன்றுகூட நடுவின் நான்கு கட்டங்களில் இல்லை. சி4, பி4 இரண்டும் ஓரத்தில், டி3 அடக்கமாக. ஆனால் இரண்டு மந்திரிகளும் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இருக்கின்றன. டி1 யானை டி ஃபைலில், அதாவது டி1 முதல் டி8 வரையிலான நெடுவரிசையில், காத்திருக்கிறது. கறுப்பு இ5இல் சிப்பாயை ஊன்றிவிட்டது.

13. குதிரை எஃப்1. முதல் பார்வைக்குக் கோமாளித்தனமாகத் தெரியும், குதிரை பின்னால் போகிறதே என்று. டி2இல் நின்ற குதிரை டி1 யானையை மறைத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் யானை டி ஃபைலைப் பார்க்கிறது. எஃப்1 குதிரைக்கு இ3 வழியாக டி5க்குப் போகும் யோசனையும் உண்டு. கறுப்பு 13. சி5 என்று பதில் சொல்ல, வெள்ளை 14. பி5 என்று பூட்டியது. இப்போது கறுப்பின் டி6 சிப்பாயைப் பாருங்கள். அதன் இரு பக்கத்துச் சிப்பாய்களும், அதாவது சியும் இயும், அதைத் தாண்டி முன்னால் போய்விட்டன. இனி டி6ஐ ஒரு சிப்பாயால் காக்க முடியாது, காய்களைத்தான் கட்டிப்போட வேண்டும்.

கறுப்பு 14. குதிரை எஃப்8. 15. இ3, ராணி சி7. 16. டி4!

முழு ஆட்டமும் இந்த ஒரு நகர்வுக்காகத்தான். தள்ளுவதற்கு முன் ரேட்டி என்ன சேர்த்து வைத்திருக்கிறார் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: டி4 கட்டத்தைப் பார்ப்பது எஃப்3 குதிரை, பி2 மந்திரி, டி1 யானை, இ3 சிப்பாய். நான்கு. கறுப்பில் இ5, சி5 என்று இரண்டு சிப்பாய்கள். ஜி7 மந்திரியும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது, ஆனால் சொந்தக் குதிரையே எஃப்6இல் வழிமறித்து நிற்கிறது. பதினைந்து நகர்வுவரை தள்ளிப்போட்டது, எண்ணிக்கை இப்படி நாலுக்கு இரண்டாகும்வரைக்கும்தான்.

மீதி வேகமாக: கறுப்பு 16. மந்திரி இ4. 17. ராணி சி3, இ5 சிப்பாய் டி4ஐ எடுக்கிறது. 18. இ3 சிப்பாய் திரும்ப டி4இல் எடுக்கிறது, எஃப்6 குதிரை டி7க்கு. அந்தக் குதிரை விலகியதும் ஜி7 மந்திரியின் கோடு திறந்து, டி4க்குப் பின்னால் சி3 ராணிவரை நீள்கிறது. அதனால் 19. ராணி டி2. கறுப்பு சி5 சிப்பாய் டி4ஐ எடுக்க, 20. மந்திரி டி4, ராணி சி4 சிப்பாயை எடுக்கிறது. 21. மந்திரி ஜி7இல் எடுக்க, ராஜா திரும்ப எடுக்கிறது. 22. ராணி பி2 செக், ராஜா ஜி8. 23. யானை டி6 சிப்பாயை எடுக்கிறது.

சிப்பாய் கணக்கு சமம்தான். ஆனால் டி ஃபைல் மொத்தமும் வெள்ளையின் கையில். கறுப்பு 23. ராணி சி5. 24. ஏ1 யானை டி1, யானை ஏ7. 25. குதிரை இ3, ராணி எச்5. 26. குதிரை டி4, மந்திரிகள் ஜி2இல் மாறிக்கொள்கின்றன. 27ஆவது நகர்வில் வெள்ளை ராஜா திரும்ப எடுக்க, ராணி இ5. 28. குதிரை சி4, ராணி சி5. 29. குதிரை சி6, யானை சி7. 30. குதிரை இ3, குதிரை இ5. 31. டி1 யானை டி5. ராணி தாக்கப்படுகிறது, இ5 குதிரையும் கூடவே மாட்டிக்கொண்டது. கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

முதல் தடவை ஆடும்போது 23ஆவது நகர்வுக்கு மேல் புரியாவிட்டால் பரவாயில்லை. 13 முதல் 16 வரை மட்டும் மறுபடி மறுபடி ஆடிப் பாருங்கள். ரேட்டியின் 3. பி4ஐ மட்டும் இப்போதைக்குக் காப்பியடிக்க வேண்டாம். குகேஷ் சிங்கப்பூரின் பதினொன்றாவது ஆட்டத்தில் அதேபோல மூன்றாவது நகர்வில் பி4 தள்ளினார், சரிதான். ஆனால் அந்தச் சிப்பாயைக் கடைசிவரை கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் கூடவே வரும். புதியவருக்கு ஜி3 போதும்.

மூன்றாம் படி: எதிர் உதாரணத்தையும் பாருங்கள்

1970இல் பெல்கிரேடில் சோவியத் அணிக்கும் உலகின் மற்ற நாட்டு வீரர்கள் சேர்ந்த அணிக்கும் பத்துப் பலகைப் போட்டி நடந்தது. உலக அணியின் முதல் பலகையில் பாபி ஃபிஷர் உட்காருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டென்மார்க்கின் பென்ட் லார்சன் அந்த இடம் தனக்கு வேண்டும் என்று கேட்க, ஃபிஷர் ஆச்சரியமாக விட்டுக்கொடுத்தார். எதிரே உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. இரண்டாவது சுற்றில் லார்சன் தனக்குப் பிடித்த பி3யோடு ஆரம்பித்து, பதினேழே நகர்வில் தோற்றார்.

1. பி3, இ5. 2. மந்திரி பி2, குதிரை சி6. 3. சி4, குதிரை எஃப்6. 4. குதிரை எஃப்3, இ4. முதல் படியில் சொன்ன அதே விரட்டல். 5. குதிரை டி4, மந்திரி சி5. 6. குதிரை சி6ஐ எடுக்கிறது, டி7 சிப்பாய் திரும்ப எடுக்கிறது. 7. இ3, மந்திரி எஃப்5. 8. ராணி சி2, ராணி இ7. 9. மந்திரி இ2, கறுப்பு ராணிப் பக்கம் காஸ்லிங். 10. எஃப்4, குதிரை ஜி4. 11. ஜி3, எச்5. 12. எச்3, எச்4. 13. எச் சிப்பாய் ஜி4 குதிரையை எடுக்கிறது, எச் சிப்பாய் ஜி3ஐ எடுக்கிறது. 14. யானை ஜி1, யானை எச்1! ஒரு யானையையே தானம் கொடுக்கிறார். 15. யானை எச்1இல் எடுக்க, சிப்பாய் ஜி2. 16. யானை எஃப்1, ராணி எச்4 செக். 17. ராஜா டி1, சிப்பாய் எஃப்1இல் யானையை எடுத்து ராணியாகிறது, அதோடு செக்.

எச்1 யானைப் பலியைத்தான் எல்லோரும் ரசிப்பார்கள். நீங்கள் வெள்ளைப் பக்கத்தைப் பாருங்கள். ஒரே குதிரை மூன்று நகர்வு ஓடி மாறிப்போனது. பி1 குதிரையும் ஏ1 யானையும் அசையவே இல்லை. ராஜா நடுவிலேயே நின்றது. டி2 சிப்பாய் கடைசிவரை டி2லேயே இருந்தது. இ4இல் நின்ற கறுப்புச் சிப்பாயை டி3 என்று ஒரு தடவைகூட உரசவில்லை. ரேட்டி பதினாறாவது நகர்வில் செய்த வேலையை லார்சன் செய்யாமலே விட்டார். பி3 மோசமான நகர்வு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். அதை வைத்து அவர் எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்களை ஜெயித்திருக்கிறார்.

நான்காம் படி: எதிரியின் சிப்பாயைப் பார்த்து அடியைத் தேர்ந்தெடுங்கள்

கறுப்பு டி5 வைத்தால் சி4 தள்ளிக் கேள்வி கேளுங்கள். அதை எடுத்தால் பதற வேண்டாம். ராணியை ஏ4க்குக் கொண்டுபோய் (பெரும்பாலும் செக்கோடு) சி4இல் திரும்ப எடுத்துவிடலாம். எடுக்காமல் டி4 என்று தள்ளிப் போனால், அந்தச் சிப்பாயை அங்கே சௌகரியமாக உட்காரவிடாதீர்கள், இ3 தள்ளி உரசுங்கள். சிங்கப்பூரில் குகேஷ் நான்காவது நகர்விலேயே செய்தது இதுதான்.

கறுப்பு கபபிளாங்காவைப்போல ஜி6, மந்திரி ஜி7, டி6 என்று அடக்கி ஆடினால் உங்களுக்கும் அவசரம் இல்லை. காய்களை அடுக்கிவிட்டு டி4 பாருங்கள். சி5 வைத்து உங்களையே பிரதி எடுத்தாலும் டி4தான், சி3க்குக் குதிரையும் வந்து காஸ்லிங்கும் முடிந்த பிறகு. எஃப்5 என்று டச்சு பாணியில் வந்தால் மட்டும் கணக்கு வேறு: டி3 வைத்துத் தயாராகி இ4 அடியுங்கள்.

எந்த வரிசையானாலும் ஜி2 மந்திரியைச் சும்மா மாற்றிக்கொள்ளாதீர்கள். அது போனால் உங்கள் ராஜாவைச் சுற்றி எஃப்3, எச்3 கட்டங்கள் ஓட்டையாகும். அந்த மந்திரியின் மதிப்பைப் பார்க்க குகேஷின் பதினொன்றாவது ஆட்டத்தின் முடிவைப் பாருங்கள். பன்னிரண்டாவது நகர்வில் ஜி2க்கு வந்தது அங்கேயே நின்றது. அதற்கு முன்னால் இ4இல் ராணி, அதே மூலைவிட்டத்தில் சி6இல் கறுப்புக் குதிரை, அதற்குப் பின்னால் பி7 சிப்பாய். பி ஃபைலில் குகேஷின் இரண்டு யானைகளும், சி5இல் குதிரையும் அதே பி7ஐப் பார்த்தன. நெருக்கடியில் டிங் 28ஆவது நகர்வில் ராணியை சி8க்குத் தள்ள, குகேஷ் ராணியாலேயே சி6 குதிரையை எடுத்தார். பி7 சிப்பாய் ராணியை எடுத்தால் பி ஃபைல் திறந்து பி8 யானை போகும், அடுத்து சி8 ராணியும் போகும். கணக்கு முடியும்போது வெள்ளைக்கு ஒரு குதிரை மிச்சம். டிங் உடனே கைகொடுத்தார்.

ஐந்தாம் படி: மேஜையில் உட்கார்ந்த பிறகு

போனை வீட்டிலோ துணைக்கு வந்தவரிடமோ விட்டுவிட்டுப் போங்கள். ஆட்ட அரங்கில் அது உங்கள் சட்டைப்பையிலிருந்து ஒலித்தால் ஆட்டமே போய்விடும். சுற்று தொடங்கும்போது இருக்கையில் இருங்கள். எவ்வளவு தாமதம் வரை அனுமதி என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள், பல போட்டிகளில் ஒரு நிமிடம்கூட இல்லை.

தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். காஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத் தொடுங்கள், யானையைத் தொட்டால் யானையைத்தான் நகர்த்த வேண்டிவரும். இந்தத் திறப்பில் நாலாவது, ஐந்தாவது நகர்விலேயே காஸ்லிங் வருவதால் இதை இப்போதே கைக்குப் பழக்குங்கள். காய் கோணலாக இருந்து சரிசெய்ய வேண்டுமானால், உங்கள் முறையில், ‘ஜடூப்’ என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். விதிக்கு மாறாக ஆடினால் எதிரிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், அதே ஆட்டத்தில் இரண்டாவது தடவை என்றால் தோல்வி. டிரா கேட்பதானால் நகர்வை ஆடி, கேட்டுவிட்டு, பிறகு கிளாக்கை அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரை, அதாவது போட்டி நடுவரை, கூப்பிடலாம். எதிராளியோடு வாக்குவாதம் வேண்டாம்.

ஸ்கோர்ஷீட்டில் நகர்வை ஆடியபிறகு எழுதுங்கள், முன்கூட்டி எழுதக் கூடாது. ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடும் கிளாக் என்றால் கடைசிவரை எழுதியே ஆக வேண்டும். அப்படிக் கூடாத கிளாக்கில் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதுவதை நிறுத்தலாம்.

நேரம்தான் பக்கவாட்டுத் திறப்பின் மறைமுகச் செலவு. எதிரி மனப்பாடம் செய்துவந்த வரிசையை உடைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படும்போது, உங்களுக்கும் மனப்பாடம் எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. சிங்கப்பூரின் பதினொன்றாவது ஆட்டத்தில் நாற்பது நகர்வுக்கு இரண்டு மணி நேரம், கூடுதல் விநாடி கிடையாது. இருவருமே ஆரம்ப நகர்வுகளிலேயே நேரத்தைக் கரைத்தார்கள், டிங்கின் 28ஆவது நகர்வு வந்தது அந்த நெருக்கடியில்தான். முதல் ஐந்து நகர்வுக்கு நேரத்தை வீணாக்காமல், எங்கே அடிப்பது என்று தீர்மானிக்கும் அந்த ஒரு நகர்வுக்காக ஒரு கால் மணி நேரத்தை எடுத்துவையுங்கள். அந்த நேரத்தில் ரேட்டியின் எண்ணிக்கையைச் செய்யுங்கள்: அந்தக் கட்டத்தை என் காய்கள் எத்தனை பார்க்கின்றன, எதிரியுடையவை எத்தனை, அதில் எவை மறைக்கப்பட்டிருக்கின்றன?

ஆட்டம் முடிந்ததும்

கைகொடுத்து, முடிவை இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, எதிராளியிடம் கேட்டு வெளியே போய் ஆட்டத்தை ஒரு தடவை சேர்ந்து ஆடிப் பாருங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். ஆட்டத்தை அலசும் கணினி மென்பொருளான இன்ஜினை அன்றிரவு திறக்க வேண்டாம், மறுநாள் போதும். முதலில் ஸ்கோர்ஷீட்டில் நீங்கள் டி4 அல்லது இ4 தள்ளிய நகர்வைப் பேனாவால் வட்டமிடுங்கள். அதற்கு இரண்டு நகர்வு முன்னால் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மூன்று நகர்வு பின்னால் தள்ளியிருந்தால் என்ன என்று பலகையில் வைத்துப் பாருங்கள். ஸ்கோர்ஷீட்டில் வட்டமிட எதுவுமே இல்லையென்றால், அடுத்த சுற்றுக்கு முன் லார்சன் ஆட்டத்தை இன்னொரு தடவை ஆடிவிடுங்கள்.